விழுந்தேன் என்று சொல்லாதவன்

செப்டம்பர் 18, 1893. திங்கள்

துவைக்கிற நாளாகப் பார்த்துத்தான் மழை வரும். என் வீட்டில் தங்கிப் படிக்கிற ஆறு மாணவர்களின் சட்டைகளும் சமையலறைக் கொடியில் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு ஓரின் வந்தான். கை நிறையக் கால்சட்டைகள்.

"இத்தனையும் எவன் துவைக்கிறது?" என்றேன்.

"துவைக்க வேணாம் பாட்டி. கைப்பிடி தைக்கணும். இடுப்புல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. டிரங்குப் பெட்டிக்கு இருக்குமே, அந்த மாதிரி."

"எதுக்கு? உங்களைத் தூக்கி ரயில்ல போடப் போறாங்களா?"

சிரித்தான். பந்தை வைத்திருப்பவனை எதிராளிகள் மறித்துக்கொள்வார்களாம். அப்போது சொந்த ஆட்கள் கைப்பிடியைப் பிடித்து இழுத்து, கூட்டத்துக்குள்ளிருந்து அவனை முன்னால் கொண்டுபோவார்களாம். தலைவன் வைலாண்டின் யோசனை. வங்கிக்காரர் மகன். அவன் இடுப்பை யாரும் இழுக்கப்போவதில்லை.

கால்பந்து என்று பெயர். காலுக்கு அதில் வேலையே இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், மற்றவர்கள் மேலே விழுகிறார்கள். ஹால்டன் கல்லூரிக்கு இது வந்து இரண்டாவது வருடம்தான். அதற்குள் வேறு பேச்சே இல்லை.

சைலஸின் பெட்டியைத் திறந்தேன். சேணம் தைத்தவர் என் வீட்டுக்காரர். அவருடைய தோல்வார்களும் குத்தூசியும் மெழுகு பூசிய நூலும் அப்படியே இருக்கின்றன. அந்த நூலில் தைத்தால் குதிரை செத்தாலும் தையல் பிரியாது. முதலில் ஓரினின் கால்சட்டை. மற்றவர்களுக்கு ஒரு வரிசைத் தையல், அவனுக்கு மட்டும் இரண்டு வரிசை போட்டேன். அவனைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போனபிறகு எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

செப்டம்பர் 24

ஆராதனைக்கு அந்தத் தலைமயிரோடு வந்தான். காதை மூடிவிட்டது. வெட்டக்கூடாதாம். அடி விழும்போது மண்டைக்கு அதுதான் மெத்தையாம். சாப்பாட்டில் அவன் தட்டுப் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தேன். அதை எடுத்து ரொட்டி வெட்டினான்.

செப்டம்பர் 30

வைலாண்டு என் சமையலறைக்கு வந்து, ஆட்டக்காரர்களுக்கு ஆப்பிள் கேக் போடக்கூடாது என்று சொன்னான். பாதி வெந்த மாட்டிறைச்சியும் பழைய ரொட்டியும்தானாம்.

"கேக் மூச்சை அடைக்கும் அம்மா" என்றான்.

என் கேக் இதுவரை யார் மூச்சையும் அடைத்ததில்லை. போன வருடம் இதே வாயால் நான்கு துண்டு தின்றான். மறக்கமாட்டேன்.

கூடவே ஒரு ஆளையும் கொண்டுவந்து விட்டுப்போனான். அன்டன் கிரெப்ஸ். ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் கொல்லன். முப்பது வயதாவது இருக்கும். ஆட்டத்துக்காக இப்போது ஹால்டன் மாணவனாம். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"பைபிள் வகுப்பும்மா. நவம்பர் கடைசி வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் லாடம்."

பொய் சொல்லத் தெரியாதவன். அவனுக்குக் கேக் கொடுத்தேன்.

அக்டோபர் 7

முதல் ஆட்டம். ஜெயித்தார்கள். நான் போகவில்லை, போகவும் மாட்டேன். ஓரினின் காது மேல்பக்கம் கிழிந்திருக்கிறது. நான் கழுவிக்கொண்டிருக்க, கிரெப்ஸ் நடந்ததைச் சொன்னான்.

பந்துக்காரனை எத்தனை பேர் பிடித்தாலும் ஆட்டம் நிற்காதாம். அவனே வாயைத் திறந்து "விழுந்தேன்" என்று கத்தவேண்டும். கத்தினால்தான் நடுவர் ஊதுவார். கத்தாதவரை இந்தப்பக்கம் பத்துப் பேர் இழுக்கலாம், அந்தப்பக்கம் பதினொரு பேர் இழுக்கலாம்.

"கத்தவே இல்லைன்னா?"

"கத்தாம யாரும்மா இருப்பா" என்றான் கிரெப்ஸ். "வலிக்கும்ல."

ஓரின் எத்தனை தடவை கத்தினான் என்று கேட்டேன். நிறைய என்றான். நல்லது.

அக்டோபர் 14

இன்றைக்கு ஆட்ட அட்டவணையைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கடைசி ஆட்டம், நன்றித் திருநாளன்று, வெக்ஸ்லி கல்லூரியோடு. வெக்ஸ்லியின் தலைவன் லியாண்டர் புரூயிட்.

புரூயிட். அந்தப் பெயரை எழுதும்போதே பேனா முனை காகிதத்தைக் குத்துகிறது.

என் கூடப்பிறந்த தங்கை ஃபிலீனாவின் பேரன் அவன். அவள் கட்டிக்கொண்டது ஜோத்தம் புரூயிட்டை. ஊரே கூடிக் கொட்டகை எழுப்பிய ஒரு நாளில் முப்பது ஆண்கள் நீளக் கழிகளைக் கொடுத்து மரச்சட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். சைலஸ் அடியில் நின்று முளையைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஜோத்தம் கழியை விட்டான். அவன் விட்டதும் பக்கத்துக்காரன் தடுமாறினான், சட்டம் சாய்ந்தது, சைலஸ் அதற்கடியிலேயே போய்விட்டார். நான் பந்திக்காகக் கோழி கொண்டுவந்துகொண்டிருந்தேன். தட்டு என் கையில்தான் இருந்தது.

கை வழுக்கிவிட்டது என்றான் ஜோத்தம். மழை பெய்த மரம் என்றான். எல்லோரும் அதே மரத்தைத்தான் பிடித்திருந்தார்கள். மற்றவர்கள் கை ஏன் வழுக்கவில்லை?

கைவிட்டவன் என்று நான் வைத்த பெயர் இரண்டு வட்டாரத்திலும் ஒட்டிக்கொண்டது. போன வருடம் அவன் செத்தபோதும் நான் போகவில்லை. ஃபிலீனாவோடு பேச்சு நின்று இருபத்தேழு வருடம்.

அக்டோபர் 15

போதகர் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அக்டோபர் 28

தோற்றார்கள். அதுவல்ல விஷயம். ஓரினைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்து "டீச்சர்" என்றான். சாயங்காலம் வரை வருடத்தையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு பையன் இதே ஆட்டத்தில் கழுத்து ஒடிந்து செத்தானாம். ஹால்டனிலும் ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று பேராசிரியர்கள் கூடிப் பேசுகிறார்களாம். நிறுத்தட்டும். இன்றைக்கே நிறுத்தட்டும்.

வைலாண்டு வந்து வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிடவில்லை.

அக்டோபர் 31

பேராசிரியர்கள் நிறுத்தவில்லை. பருவம் முடிந்தபிறகு முடிவு செய்வார்களாம்.

எனக்கு ஏன் மூச்சு லேசானது? கோபம் அல்லவா வந்திருக்கவேண்டும்.

நவம்பர் 6. திங்கள்

துணி பிழிந்துகொண்டிருந்தேன். ஓரின் வந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே முக்கியமான பேச்சு என்றால் இப்படித்தான் வருவான்.

"பாட்டி, உனக்கு வேணாம்னா விட்டுடறேன்."

"எதை?"

"ஆட்டத்தை. நீ சரியாச் சாப்பிடறதில்ல. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வைலாண்டுகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்."

நான் கேட்க நினைத்ததே இதுதான். பலகையில் கொண்டுவந்த நாளிலிருந்து ஜெபத்தில் கேட்டதும் இதுதான். சரி என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"வெக்ஸ்லி ஆட்டம் முடியட்டும்" என்றேன்.

என்னைப் பார்த்தான். போர்வையை முறுக்கினான், தண்ணீர் சொட்டியது. "சரி பாட்டி."

என்ன பெண் பிள்ளை நான்? போய்க் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? இப்போதுகூட மேலே அவன் காலடிச் சத்தம் கேட்கிறது. எழுந்து மாடிப்படி வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நவம்பர் 11

ஜெயித்தார்கள். கிரெப்ஸுக்கு ஒரு பல் போயிற்று. பல்லை என்னிடம் காட்டினான், நான் என்ன செய்ய?

நவம்பர் 20

வெக்ஸ்லி மாணவர்கள் ரயில் நிலையத்தில் நம் பையன்களைப் பார்த்துக் கத்தினார்களாம். கிரெப்ஸ்தான் சொன்னான். ஓரின் அவனை உதைத்து வாயை மூடச்சொன்னான், ஆனால் அதற்குள் சொல்லிவிட்டான்.

"நம்ம ஓரினைத்தாம்மா. ஸ்ட்ரவுட் பேரன் தொட்டாலே 'விழுந்தேன்'னு கத்துவானாம்மா. பாட்டி வளத்த பிள்ளையாம்."

"யாரு சொன்னது? அந்த லியாண்டரா?"

"யாருன்னு தெரியல. கும்பலா நின்னாங்க."

"அவன்தான்" என்றேன்.

"நீ பாத்தியா பாட்டி?" என்றான் ஓரின். பார்க்க வேண்டுமா என்ன.

நவம்பர் 29

கித்தான் சட்டைகளுக்குப் பன்றிக் கொழுப்புத் தடவினேன். பிடித்தால் கை வழுக்கவேண்டும், அதற்கு. சட்டையை இறுக்கிக் கயிறு கட்டிவிட்டால் ஒரு மடிப்புக்கூட எதிராளி கைக்குச் சிக்காது. கைப்பிடி மட்டும்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை எதிராளியும் பிடிக்கலாமே என்று எனக்கு இன்றைக்குத்தான் தோன்றியது. இத்தனை நாள் தோன்றவில்லை. இத்தனை படித்த வைலாண்டுக்கும் தோன்றவில்லை.

பிரித்துவிடலாம் என்று ஓரினின் கால்சட்டையை எடுத்தேன். கத்தி முனை நூலுக்குள் நுழையவில்லை. சைலஸின் நூல்.

அவன் வந்தான். சட்டையை அவன் கையில் கொடுத்துச் சொன்னேன், "வேற யாரு பிடிச்சாலும் சரி. அந்த வீட்டுப் பையன் பிடிச்சா, அவன் காது கேக்க 'விழுந்தேன்'னு சொல்லாதே."

"சரி பாட்டி" என்றான்.

அதே "சரி பாட்டி."

நவம்பர் 30. நன்றித் திருநாள்

ஹால்டன் ஜெயித்தது. வான்கோழி அடுப்பிலேயே கருகிப்போயிற்று.

டிசம்பர் 2

டாக்டர் போய்விட்டார். ஓரின் மருந்தில் தூங்குகிறான். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

போகமாட்டேன் என்றிருந்தவள் போனேன். சமையலறையில் நிற்க முடியவில்லை. மைதானம் முழுக்கச் சேறு. சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றைத் தாண்டிச் சாய்ந்துகொண்டு இரண்டு ஊரும் நின்றது. யார் எந்தப் பக்கத்து ஆள் என்றே தெரியவில்லை, எல்லாம் ஒரே சேற்று நிறம். ஓரினைத் தலைமயிரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

எதிர்ப்பக்கக் கயிற்றில் ஃபிலீனா நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் பார்த்தேன், அவளும் பார்த்த மாதிரித்தான் இருந்தது. இரண்டு பேரும் திரும்பிக்கொண்டோம்.

இருட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசிக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம்தான். பந்தை ஓரினிடம் கொடுத்து எல்லோரும் அவனைச் சுற்றி ஆப்பு மாதிரி சேர்ந்து முட்டினார்கள். அந்தப்பக்கம் அவர்களும் முட்டினார்கள். மொத்தக் குவியலும் சாய்ந்தது, ஆனால் விழவில்லை. குவியலுக்கு நடுவே ஓரின். வலது கைப்பிடி கிரெப்ஸ் கையில். இடது கைப்பிடி, வெக்ஸ்லிக்காரர்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த லியாண்டர் கையில், இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஓரினின் இடது கால் யாருடைய உடம்புக்கோ அடியில் மாட்டிக்கொண்டது. கொல்லன் முன்னால் இழுக்கிறான். லியாண்டர் பின்னால் இழுக்கிறான். கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்.

அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். எல்லோரும்தான். கூட்டமே அமைதியாகிவிட்டது. வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். முகம் வெளுத்துப்போயிற்று.

லியாண்டர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. "சொல்லுடா. சொல்லித் தொலைடா. கால் போயிடும்."

ஓரின் தலையை ஆட்டினான்.

நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டேன். "விழுந்தேன்" என்று நான் கத்தினேன். "விழுந்தான், விழுந்துட்டான், ஊதுங்க." நடுவர் என்னைப் பார்த்தார். ஊதவில்லை. பந்துக்காரன் வாயிலிருந்து வரவேண்டும், அதுதான் சட்டம். நான் சேற்றில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், அது யார் கணக்கிலும் சேரவில்லை.

அப்போது லியாண்டர் கையை விட்டான்.

வழுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேலே தூக்கினான், எல்லோரும் பார்க்கும்படி. தக்கை பிடுங்கின மாதிரி ஓரின் முன்னால் போனான், கிரெப்ஸும் அவனும் கோட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்தார்கள். ஹால்டன்காரர்கள் தொப்பிகளை வானத்தில் வீசினார்கள். ஓரின் எழுந்திருக்கவில்லை.

தொடை எலும்பு இடுப்புக் குழியை விட்டுக் கழன்றிருந்தது. சமையலறை மேசையில் கிடத்தி டாக்டர் உள்ளே தள்ளினார். கிரெப்ஸ் ஓரினின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான்தாம்மா இழுத்தேன், விசில் வர வரைக்கும் இழுன்னு சொன்னாங்கம்மா." இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் காலுக்கு ரத்தம் போகிற வழியே அறுந்திருக்கும் என்றார் டாக்டர். கால் இருக்கும், ஆனால் ஒரு அங்குலம் குறையும்.

கால்சட்டையை அறுத்துத்தான் எடுத்தோம். கைப்பிடியில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

டிசம்பர் 4

"ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீதானே பாட்டி வேணாம்னே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னான்.

டிசம்பர் 7

கிரெப்ஸ் உலைக்களத்துக்குத் திரும்பிப் போனான். போகும்போது வெக்ஸ்லி சேதி சொல்லிவிட்டுப் போனான். ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தைத் தோற்கடித்தான் என்று லியாண்டரை ஊரே ஏசுகிறதாம். அவன் போகிற வழியில் பையன்கள் கையைத் தூக்கிக் காட்டுகிறார்களாம்.

"ஏதோ பேரு வச்சுக் கூப்பிடறாங்கம்மா. கைவிட்டவன் பேரனாம். அவங்க தாத்தாவுக்கும் அந்தப் பேருதானாம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 11

ஃபிலீனா வந்தாள். வாசலில் நின்றவளை முதலில் முட்டை விற்கிறவள் என்று நினைத்தேன்.

"உள்ளே வரச் சொல்லமாட்டியா அக்கா? குளிருது."

"கதவு திறந்துதானே இருக்கு."

நேராக ஓரின் படுத்திருந்த அறைக்குப் போனாள், அவன் நெற்றியைத் தொட்டாள், அவனோடு ஏதோ பேசினாள். அவன் சிரித்தது கேட்டது. எனக்குத் தெரியாமல் அப்படி என்ன சிரிப்பு? பிறகு சமையலறைக்கு வந்து, சுவரில் கை வைத்துத் தடவி நாற்காலியைத் தேடினாள். கண்ணில் பூ விழுந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

கேக்கில் கருகின பக்கத்தை வெட்டி அவளுக்கு வைத்தேன்.

"இன்னும் அடுப்பு அந்தப் பக்கம் அதிகமா எரியுதா?" என்றாள் தின்றுகொண்டே. அம்மா காலத்து அடுப்பு. அவளுக்கும் தெரியும்.

"எதுக்கு வந்தே?"

"என் பேரன் கையை எடுத்தான். எங்களுக்கு ஒரு ஆட்டம் போச்சு, உனக்கு ஒரு கால் மிஞ்சுச்சு. அதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. ஆனா ஊர்ல அவனை ஒரு பேரு சொல்லிக் கூப்பிடறாங்க. அந்தப் பேரை வச்சது யாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ வச்சது. நீயே எடு."

"ஜோத்தம் விட்டான், ஃபிலீனா. நான் பாத்தேன்."

"அவரைப் பத்தி நான் பேச வரல" என்றாள். "அவரு செத்துட்டாரு. கடைசி வரைக்கும் யார் வீட்டுக் கொட்டகைக்கும் அவரை யாரும் கூப்பிடல. அது உனக்குப் போதும். பையனை விடு."

தட்டில் இருந்ததை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் போனாள், கருகல் உட்பட.

டிசம்பர் 13

நான் என்ன செய்ய? பெயர் என்ன மேசை மேல் வைத்த டம்ளரா, எடுத்து அலமாரியில் வைக்க?

டிசம்பர் 17. ஞாயிறு

ரயிலில் வெக்ஸ்லி போனேன். அவர்கள் ஆலயத்தில் பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்பார்கள். வழக்கமாக யாராவது குடியை விட்டதைச் சொல்வார்கள். நான் எழுந்து முன்னால் போனேன். கருப்புத் தொப்பியைப் பார்த்தே பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரிந்துவிட்டது. போதகர் பைபிளை மூடினார்.

"நான் சைலஸ் ஸ்ட்ரவுட் பொஞ்சாதி" என்றேன். "என் பேரனுக்குக் கால் இருக்கு. லியாண்டர் கையை எடுத்ததாலதான் இருக்கு. என் பேரன் வாயைத் திறக்காம இருந்தது நான் சொல்லி. அதுக்கு ஏசணும்னா என்னை ஏசுங்க, நான் தாங்குவேன். இந்தப் பையனை இனிமே யாராவது அந்தப் பேரு சொன்னா, அவன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். நான் எவ்வளவு நேரம் நிப்பேன்னு உங்களுக்குத் தெரியும்." மூச்சு வாங்கியது. "அவன் தாத்தாவைப் பத்தி நான் எதுவும் சொல்ல வரல."

உட்கார்ந்தேன். திரும்பி வந்து இடம் பார்க்காமல் உட்கார்ந்ததில் பக்கத்தில் ஃபிலீனா.

"அவரையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்" என்றாள் காதோரம்.

"ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இவ்வளவு போதும்" என்றேன்.

இரண்டு வரிசைக்கு முன்னால் லியாண்டர் இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பிடரி சிவந்திருந்தது. சைலஸின் பிடரியும் அப்படித்தான் சிவக்கும். அவருக்கும் இவனுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது.

ஜனவரி 9, 1894

ஆட்டத்தை நிறுத்துவதில்லை என்று பேராசிரியர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். நாசமாய்ப் போக.

ஓரின் இன்று கோல் ஊன்றி அடுப்பு வரை நடந்தான்.

மே 20

ஃபிலீனா கண்ணுக்கு மருந்து போட வந்தாள், நான்கு நாள் இருந்தாள். இரண்டு தடவை சண்டை. ஜோத்தம் பேச்சு எடுத்தாள், நான் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டேன். கோழிகள் கொழுத்துவிட்டன.

செப்டம்பர் 17. திங்கள்

நல்ல வெயில். துணியெல்லாம் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

புதிய அணிக்குக் கால்சட்டைகள் வந்தன. ஓரின் நொண்டிக்கொண்டே கொண்டுவந்தான். இப்போது அவன் ஓடுவதில்லை, கோட்டோரம் நின்று மற்றவர்களைத் திட்டுகிறான். மயிரையும் வெட்டிக்கொண்டான்.

கூடவே தனியாக ஒரு பொட்டலம். வெக்ஸ்லியிலிருந்து ரயிலில் வந்தது. பிரித்தால் இன்னொரு கால்சட்டை. அவர்களும் கைப்பிடி வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்களாம். ஃபிலீனாவுக்கு ஊசி கோக்கக் கண் தெரியவில்லை, லியாண்டருக்குத் தைத்து அனுப்பு என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

"எதிரிக்குத் தைக்கப் போறியா பாட்டி?" என்றான் ஓரின்.

"வாயை மூடிக்கிட்டு விளக்கைக் கிட்ட நகத்து."

சைலஸின் பெட்டியைத் திறக்கவில்லை. பொத்தான் தைக்கிற வெள்ளை நூல், ஒற்றை இழை. எல்லாவற்றுக்கும் அதுதான். ஓரின் ஒரு கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான்.

"இது தாங்காது பாட்டி. பலமா ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்."

"தெரியும்."

கால்சட்டையை என் மடியில் திரும்ப வைத்தான். பிறகு வைலாண்டின் இடத்துக்கு வந்த புதுத் தலைவனுக்கு இதைச் சொல்லமாட்டேன் என்றான்.

லியாண்டருடையதைக் கடைசியாகத் தைத்தேன். முடித்ததும் கைப்பிடியில் இரண்டு விரலைக் கொடுத்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. ஊசியில் மறுபடி அதே நூலைக் கோத்துக்கொண்டேன்.